திங்கட்கிழமை அழைப்பில் நலம் விசாரிக்கக் கூடாது

1. தொடக்கம் (பொறுப்பு: கதாசிரியன். ஐந்து நிமிடம்)

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம், ஒரு காணொளிக் கூட்டத்தில். பாதிப் பேர் முகத்தையே காட்டவில்லை. நடத்தியவர் எடுத்த எடுப்பிலேயே, "எல்லாருக்கும் வேலை இருக்கு, நேரா விஷயத்துக்குப் போயிடலாம்" என்றார். போனோம், முடித்தோம், கலைந்தோம். யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அக்ராவின் பழைய திங்கட்கிழமைகள் ஞாபகம் வந்து, அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அங்கே ஷியா கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெயை ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் பல வருஷம் கணக்குப் பார்த்தேன். அடுத்த மேசை செர்வாவுடையது. ஆபீஸ் நிர்வாகம் அவள் பொறுப்பு. கதையும் அவளுடையதுதான். நான் ஓரமாக நின்றுகொள்கிறேன்.

2. முதல் வரி (மூன்று முயற்சிகள்)

செர்வா மேசை நடுவில் இருந்த மூன்று கால் கான்ஃபரன்ஸ் போனை முறைத்துப் பார்த்தாள். அது

[வேண்டாம். எதையாவது முறைத்துப் பார்த்துத் தொடங்கும் கதைகள் தெருவுக்குப் பத்து கிடக்கின்றன.]

வடக்கே தமாலேவில், ஷியா கொட்டை பொறுக்கும் பெண்கள் விடியும் முன்பே கூடைகளோடு

[இது சுற்றுலாத் துறைக்கு.]

"அல்ஹாஜி, விஷயத்துக்கு வாங்க!" என்று முதலாளி ந்யார்கோ கத்தினார்.

இது பரவாயில்லை. இங்கிருந்து போவோம்.

3. பழைய அழைப்பு (பொறுப்பு: எல்லாரும். நேரம்: ஆகிற வரை)

திங்கட்கிழமை காலையில் மூன்று ஊர்கள் ஒரே போனில் கூடும். அக்ராவில் செர்வாவும் ந்யார்கோவும். குமாசி கிடங்கில் ப்ரெம்பே. தமாலே கொள்முதல் நிலையத்தில் ஃபுசெய்னி. ஃபுசெய்னி இன்னும் மெக்காவுக்குப் போனதில்லை. போகச் சேர்த்த காசைப் பிள்ளைகளின் படிப்பு விழுங்கிக்கொண்டே இருந்தது. ஆனாலும் எல்லாருக்கும் அவர் அல்ஹாஜிதான்.

"தசிபா" என்று காலை வணக்கத்தை அவர் தொடங்குவார். அதற்கு "நா" என்று இழுத்துப் பதில் சொல்ல வேண்டும். தூக்கம் எப்படி? நா. வீடு எப்படி? நா. அம்மாவின் முழங்கால்? நா. மழை, பிள்ளைகள், உடம்பு அசதி எல்லாவற்றுக்கும் நா. அவர் முடித்ததும் குமாசி ஆரம்பிக்கும்.

"அல்ஹாஜி, பின்னாடி கத்துற அந்தச் சேவலை இன்னும் அறுக்கலையா? போன வாரம் அது பேசின அளவுக்கு நம்ம முதலாளிகூடப் பேசலையே."

"அது இங்க மேனேஜர்டா ப்ரெம்பே. உன்னைவிட சீக்கிரமா வேலைக்கு வருது."

செர்வா இலைப் பொட்டலத்து வாக்யே சோற்றை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே சிரிப்பாள். ஃபுசெய்னியின் மனைவி மெமுனாவை அவள் பார்த்ததே கிடையாது. ஆனால் தெற்கே வரும் லாரியில் மெமுனா ஒரு டப்பா வெண்ணெய் கொடுத்தனுப்புவாள். திரும்பிப் போகும் லாரியில் செர்வா ஒரு பொட்டலம் புகைமீன் அனுப்புவாள். போனில் நலம் விசாரிப்பு மெமுனாவை எட்டும்போது ஃபுசெய்னியின் குரல் கொஞ்சம் குழையும். "மீன்ல முள்ளு ஜாஸ்தியாம், உங்ககிட்ட சொல்லச் சொன்னா" என்பார்.

[இந்தப் பகுதி நீண்டுவிட்டது. தெரியும். அந்த அழைப்புகளும் அப்படித்தான் நீளும். ந்யார்கோ கத்தும்போது பாதிக் காலை போயிருக்கும். எனக்கு அந்தச் சத்தமெல்லாம் இன்றைக்கும் வேண்டியிருக்கிறது.]

4. புதிய நிரல் (பொறுப்பு: செர்வா)

ஒருநாள் ந்யார்கோ அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"டென்மார்க்ல வெண்ணெய் வாங்குற அம்மா, கிர்ஸ்டன், இனிமே திங்கட்கிழமை லைன்ல வர்றாங்க. சேவல் கதை கேக்க வரலை. நீ இதை ஒழுங்குபடுத்து. இல்லேன்னா தமாலே ஆபீஸை மூடிட்டு, கொள்முதலைக் குமாசிகிட்டக் கொடுத்துடுவேன்."

"அல்ஹாஜி எங்க போவார் பாஸ்?"

"அதைத்தான் நீ ஒழுங்குபடுத்துன்னு சொல்றேன்."

ஆக, அல்ஹாஜியின் நாற்காலியைக் காப்பாற்றத்தான் செர்வா உட்கார்ந்து அழைப்புக்கு நிகழ்ச்சி நிரல் எழுதினாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எழுதினாள். 'கொள்முதல்' என்று தலைப்புப் போட்டால் பேச்சு ஊரைச் சுற்றும். 'இந்த வாரம் எத்தனை மூட்டை ஏற்ற முடியும்?' என்று கேள்வியாகப் போட்டால் பதில் வரும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பெயர், சில நிமிடங்கள். எல்லாருக்கும் முன்கூட்டியே போய்விட வேண்டும். கடைசியில் யார், எதை, எப்போது முடிப்பது என்று படித்துக் காட்ட வேண்டும். கதை எழுதுகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். நான் இதுவரை ஒரு கதைக்கும் இப்படித் திட்டம் போட்டதில்லை.

நிரலின் உச்சியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: நலம் விசாரிப்பை அழைப்புக்கு முன்பே முடித்துக்கொள்ளவும். அடியில் இன்னொரு வரி: பிற விஷயங்கள் இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதி அனுப்பவும்.

5. இடையீடு (நிரலில் இல்லாதது)

இதுவரை எழுதியதைச் செர்வாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். இப்போது அவள் தேமாவில் துணிக்கடை வைத்திருக்கிறாள்.

"உன் பாஷைல என்னை வில்லியாக்கப் போறே. அதானே?"

"ஐயோ, இல்லை செர்வா."

"தமாலேக்கு ஜெனரேட்டர் எப்படி வந்துச்சு? கரண்ட் போய்ப் போய் அல்ஹாஜி எத்தனை வருஷமா கேட்டுட்டிருந்தார்? எல்லாம் உங்க சிரிப்புல அமுங்கிக் கிடந்துச்சு. நான் அதைக் கேள்வியா போட்டேன், முதலாளி அன்னிக்கே சரின்னார். அல்ஹாஜி, 'மேடம், உங்க அஜெண்டா நல்லா வாழட்டும்'னார். அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.

6. பிற விஷயங்கள்

ஷியா பருவம் முடிகிற சமயம். லாரி ஓட்டும் யாகுபு வடக்கே கிளம்புகிறான் என்று செர்வா மீன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அவன் கையை நீட்டவில்லை.

"என்னப்பா, மீன் நாறுதா?"

"மேடம்... உங்களுக்கு யாரும் சொல்லலையா? மெமுனா அம்மா தவறிட்டாங்க. நாப்பதாம் நாள் துவாகூட முடிஞ்சிடுச்சு."

அந்த நாட்டில் ஒருவர் வீட்டுச் சாவுக்குப் போகாமல் இருப்பது சின்ன விஷயமில்லை. தெரிந்திருந்தால் ஆபீஸே பஸ் பிடித்துப் போயிருக்கும். ந்யார்கோ கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். தெரியவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஃபுசெய்னி லைனில் வந்தார். மூட்டை எத்தனை, ஈரம் எவ்வளவு, லாரி எப்போது, எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். "பிற விஷயம்?" என்று செர்வாவே கேட்டிருக்கிறாள். "ஒண்ணுமில்லை மேடம்."

மாடிக்கு ஓடிப்போய் அவருக்குப் போன் செய்தாள்.

"ஏன் அல்ஹாஜி என்கிட்ட சொல்லலை?"

"எந்த வரில போடறது மேடம்? சனிக்கிழமைக்குள்ள எழுதி அனுப்பணும்னு இருந்துச்சு. அவ போனது ஞாயித்துக்கிழமை."

அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றாள் செர்வா. அவள் அசாந்தி இனத்துக்காரி. அவள் வீட்டிலும் வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்து, நலம் கேட்டு, பிறகுதான் வந்த சேதியைக் கேட்பார்கள். கேட்காதவரிடம் கெட்ட சேதியைக் கொண்டுபோய்க் கொட்ட மாட்டார்கள். இதெல்லாம் அவளுக்குப் பால் குடிக்கிற வயசிலிருந்தே தெரியும்.

7. முடிவுகள் (பொறுப்பு: இன்னும் தீர்மானிக்கவில்லை)

அ) அடுத்த வார நிரலில் முதல் வரியாக 'நலம் விசாரிப்பு: ஐந்து நிமிடம்' என்று செர்வா சேர்த்தாள். "தசிபா" என்றாள். "நா, மேடம்" என்றார் ஃபுசெய்னி. அதோடு சரி. மிச்ச நிமிடங்களில் ப்ரெம்பேகூட வாயைத் திறக்கவில்லை. கிர்ஸ்டன் இருமினாள்.

[இது நடந்தது. ஆனால் இதை முடிவு என்று வைக்க எனக்கு மனசு வரவில்லை.]

ஆ) செர்வா தமாலேவுக்குப் பஸ் ஏறினாள். முற்றத்தில் பாய் விரித்திருந்தது. ஃபுசெய்னி எழுந்து

[பொய். புது ஒப்பந்தம் வருகிற நேரம் என்று ந்யார்கோ லீவு தரவில்லை.]

இ) அதற்கும் அடுத்த திங்கட்கிழமை. கிர்ஸ்டன் லைனில் இருக்கிறாள். புது ஒப்பந்தத்தைப் பற்றி அன்றைக்குத்தான் பேச வேண்டும். ந்யார்கோ டை கட்டி வந்திருக்கிறார். முதல் கேள்வியைச் செர்வா படிக்க வேண்டும். அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அல்ஹாஜி, மூட்டை இருக்கட்டும். மெமுனா எப்படிப் போனா? கடைசில யார் பக்கத்துல இருந்தா? நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க."

ந்யார்கோ மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். "ஹலோ, எல்லாரும் லைன்ல இருக்கீங்களா?" என்றாள் கிர்ஸ்டன். ஃபுசெய்னி சொல்ல ஆரம்பித்தால் அந்தக் காலைப் பொழுது அதிலேயே போகும். டென்மார்க் ஒப்பந்தமும் போகலாம், இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய தமாலே ஆபீஸும் போகலாம். "அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லை மேடம்" என்று அவர் ஒதுக்கிவிட்டால், அவள் இனி எந்த முகத்தோடு அவரிடம் பேசுவாள்? தமாலே லைனில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவர் என்ன சொன்னார் என்று செர்வாவிடம் கேட்டேன். "அது எனக்குச் சொன்னது. உன் கதைக்குச் சொன்னதில்லை" என்று போனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

நானாக ஒன்றை எழுதி வைக்கலாம். மெமுனாவை வைத்து அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை. அதனால் தமாலேவின் ரிசீவரை உங்கள் கையில் கொடுக்கிறேன். போனது உங்கள் மனைவி. இத்தனை வாரமும் யாரும் கேட்கவில்லை. இப்போது ஒருத்தி, தன் வேலையையும் உங்கள் வேலையையும் பணயம் வைத்துக் கேட்டுவிட்டாள். முதலாளி கடிகாரத்தைப் பார்க்கிறார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். லைனில் எல்லாரும் காத்திருக்கிறோம், சொல்லுங்கள்.