எதிர்ப் பங்க்கின் விலை

கச்சா எண்ணெய் விலை விழுந்தால் உலகத்துக்கே கொண்டாட்டம். எங்கள் ஊர் கார்லினுக்கு மட்டும் அது இழவு. மேற்கு டெக்சாஸில் பூமியைத் துளைத்து எண்ணெய் எடுத்துப் பிழைக்கிற ஊர் இது. விலை பாதியாகச் சரிந்ததும் துளைக்கும் இயந்திரங்கள் நின்றன, ஆட்கள் மூட்டை கட்டினார்கள். பெட்ரோல் மலிந்துகொண்டே போனது. அதைப் போட்டுக்கொள்ளத்தான் வண்டிகள் இல்லை.

என் பெயர் ஆர்வில் ஸ்டாம்பர். நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறேன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, லொரீன் பிக்கெட்டின் பங்க். என்னைவிடச் சற்று மூத்தவள். கணவன் இறந்த பிறகு தனியாளாக நடத்துகிறாள்.

எங்களுக்குள் பேச்சு கிடையாது. சண்டையும் கிடையாது. எதிரெதிர் பங்க்காரர்கள் விலையைப் பேசி வைத்துக்கொண்டால் குற்றம், ஜெயில்வரை இழுக்கும். தொழில் தொடங்கிய புதிதில் வக்கீல் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார்.

"நீங்க மழையப் பத்திப் பேசினாக்கூட ஊர்க்காரன் விலையப் பத்தித்தான் பேசறீங்கம்பான். எதுக்குய்யா வம்பு?"

அன்று மூடிய வாய்தான். எங்கள் பேச்செல்லாம் விலைப் பலகையிலேயே நடந்தது. காலையில் காபியோடு வெளியே வந்து அவள் பலகையைப் பார்ப்பேன், ஒரு சென்ட் குறைப்பேன். சற்று நேரத்தில் அவள் நீளக் கழியோடு வந்து தன் எண்ணைக் கழற்றி வேறு எண் மாட்டுவாள். மாட்டி முடித்ததும் ஒருமுறை கையைத் தூக்குவாள். நானும் தூக்குவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பல வருஷங்களாக நான் படுக்கையை விட்டு எழுந்ததே அந்தக் கைக்காகத்தான்.

வாடிக்கையாளர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். பம்பிலேயே கார்டைத் தேய்த்து, தாங்களே போட்டுக்கொண்டு, முகம் காட்டாமல் போகிறவர்கள் அவர்கள். உள்ளே வருகிறவன் திட்டத்தான் வருவான்.

"கச்சா எண்ணெய் பாதியாயிடுச்சு. நீ என்னய்யா பெட்ரோல்ல காவாசிகூடக் கொறைக்கல? கொள்ளக்காரனா நீ?"

"எண்ணெய்தான்யா விழுந்துச்சு. வரி விழல, லாரி வாடகை விழல, எண்ணெயச் சுத்தம் பண்ற கூலி விழல. என் தொட்டியில கெடக்கறதும் பழைய வெலைக்கு வாங்கின சரக்கு."

"ஏறும்போது மட்டும் அன்னிக்கே ஏத்தறியே? அப்பத் தொட்டியில பழைய சரக்கு இல்லையா?"

காபி வேணுமா என்று கேட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், எனக்குப் பெட்ரோல் கொண்டுவரும் டேங்கர் ஓட்டுநர் வென்டல், குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்.

"எதிர்ல அந்தம்மா சரக்கு வேண்டாம்னுட்டாங்க. வியாபாரம் தேறலன்னா கடைய மூடிட்டு டூசான்ல மக வீட்டுக்குப் போயிடுவாங்களாம். அப்பறம் இந்த ரோட்டுக்கு நீங்கதான் ராஜா!"

ராஜாவாம். எதிரே விளக்கு எரியாத ஒரு சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தேன், நினைக்கவே முடியவில்லை.

அப்போதே சாலையைக் கடந்து போய், போகாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வக்கீலின் பயம் ஒரு பக்கம். இத்தனை வருஷம் பேசாதவளிடம் எதைச் சொல்லித் தொடங்குவது என்ற தயக்கம் மறுபக்கம். எனக்குத் தெரிந்த பாஷை பலகைதான். மறுநாள் என் விலையைப் பத்து சென்ட் ஏற்றினேன். ஒரு சென்டுக்காகச் சாலை தாண்டுகிற ஜனங்கள், பத்து சென்டுக்கு அவளிடம் ஓடமாட்டார்களா?

லொரீன் வெளியே வந்தாள். என் பலகையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் விலையையும் ஏற்றினாள். என்னைவிட ஒரு சென்ட் கூடுதலாக!

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொடுக்கிறதை வாங்கிக்கொள்ளத் தெரியாத பொம்பளை என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஏற்றினேன். அவளும் ஏற்றினாள். ஊர் உலகமெல்லாம் பெட்ரோல் இறங்கிக்கொண்டிருக்க, கார்லினில் மட்டும் இரண்டு பலகைகள் பேய் பிடித்த மாதிரி ஏறிக்கொண்டிருந்தன.

"ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துட்டீங்களா? நல்லா இருங்கய்யா!" என்று ஒருவன் கண்ணாடியை இறக்கிக் கத்திவிட்டு, நிறுத்தாமலே போனான். செய்தி பரவிவிட்டது. எல்லோரும் அடுத்த ஊரிலேயே போட்டுக்கொண்டு வந்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இரண்டு வாசலிலும் புழுதிதான் வந்து நின்றது.

அப்புறம் ஒரு காலையில் லொரீன் கழியோடு வந்து எண்களைக் கழற்றினாள். வேறு எதையும் மாட்டவில்லை. கையையும் தூக்கவில்லை.

நான் சாலையைக் கடந்தேன்.

"அடேங்கப்பா! ஸ்டாம்பருக்கு நடக்கக்கூட வருதே!" என்றாள்.

"எதுக்கு ஏத்துனீங்க லொரீன்? உங்க பக்கம் நாலு வண்டி வரட்டும்னுதானே நான் ஏத்துனேன்!"

அவள் கழியைச் சுவரில் சாய்த்தாள்.

"அட மடையா. ஒரு சென்டுக்கு உயிர விடற மனுஷன் பத்து சென்ட் ஏத்தறான்னா கைய ரொம்பக் கடிச்சிருச்சு போலன்னு நெனச்சேன். எனக்குப் போறதுக்கு மக வீடாவது இருக்கு. உனக்கு யாரு இருக்கா? அதான் இருக்கற வண்டிய உன் பக்கம் தள்ளி விட்டேன்."

அவள் கழற்றிப் போட்டிருந்த எண்களைப் பார்த்தேன்.

"மூடணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"பாதி மனசு இருக்கலாம்னுதான் இருந்துச்சு. இந்த வாரம் ஒத்த வண்டி வரல. அதுதான் மீதி மனசையும் முடிச்சு வெச்சுது."

"போகாதீங்க," என்றேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் கேட்ட ஒரே விஷயம்.

அவள் பதில் சொல்லுமுன் சிமென்ட் லாரி ஒன்று அவள் வாசலில் வந்து நின்றது. மூடுகிற பங்க்கின் நிலத்தடித் தொட்டியை வெறுமனே விடக்கூடாது, நிரப்பியாக வேண்டும். தொட்டியின் வாயில் குழாயை வைத்து சிமென்ட் குழம்பை இறக்கினார்கள். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இனி மனசு மாறினாலும் இத எடுக்க முடியாது ஆர்வில்."

படியில் உட்கார்ந்து அவள் போட்ட காபியைக் குடித்தோம். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. என் மனைவியின் பெயர் என்ன என்று கேட்டாள். ஐரிஸ் என்றேன். "நல்ல பேரு. தினமும் செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க, பாத்திருக்கேன்," என்றாள். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

லொரீன் போனபின் வண்டிகளெல்லாம் என்னிடம்தான் வருகின்றன. வியாபாரம் பரவாயில்லை. போட்டி ஒழிந்தது என்று எனக்குக் கைகொடுத்தவர்கள்கூட உண்டு.

ஒருநாள் காலை எண்களைக் கழற்றிவிட்டேன், எதை மாட்டுவது என்று தெரியவில்லை. இதுவரை அவள் பலகையைப் பார்க்காமல் நானாக ஒரு விலையை யோசித்ததே இல்லை. வெறும் பலகையின் கீழே நின்றுகொண்டிருந்தபோது ஒரு பழைய கார் வந்து நின்றது. இளைஞன் தலையை நீட்டினான்.

"என்ன வெலை?"

"நீயே சொல்லு," என்றேன்.

"வெளையாடறீங்களா?"

"இல்லப்பா, நெசமாத்தான். எவ்வளவு போடலாம், சொல்லு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்திருப்பான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச நேரம் பேரமாவது பேசியிருக்கலாம்.