கல்லில் வெட்டிய விலாசம்

இறந்துபோன தன் தங்கையின் நினைவுக்கல்லில் கல்தச்சர் வெட்டியது இரண்டே வரி. மேலே அவள் பெயர். கீழே, அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையின் இணைய விலாசம். கல்தூசி தின்று இருமும் தொழிலாளிகளின் நுரையீரலைப் பற்றிய கட்டுரை அது. அவள் முதலில் சோதித்துப் பார்த்த நெஞ்சு, அண்ணனான அவருடையது.

தங்கை மகள் கைபேசியோடு கல்லருகே குந்தியிருந்தாள்.

"மாமா, பக்கமே இல்லைங்குது."

"ஒரு புள்ளிய விட்டிருப்ப."

"விடல. காலேஜ்ல இணையதளத்தையே மாத்திக் கட்டிட்டாங்க. பழைய வாசலெல்லாம் அடைச்சாச்சு. அம்மா கட்டுரையை மேற்கோள் காட்டி எழுதற ஒரு ஆராய்ச்சி மாணவிக்கு இந்தக் கல்லைப் படம் பிடிச்சு அனுப்பினேன். தேடியும் கிடைக்கல, அம்மா பேரைத் தன் கட்டுரைல இருந்து எடுத்துடப் போறேங்கறா."

அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கல்மேல் எழுத்து அழியாது என்பார்கள். எழுத்து அப்படியேதான் இருந்தது. அது காட்டிய வீடுதான் இல்லை.

நரை விழுந்த பிறகுதான் அவருக்கு எழுத்து வந்தது. பட்டறையில், பாதி செதுக்கிய பலகைக்கல்லில், சாக்கட்டியால் எழுத வைத்தவள் தங்கைதான். கோணினால் ஈரத்துணியை நீட்டுவாள்.

"உளி பிடிக்கிற கைக்கு இது கனமாண்ணே? தொடைச்சுட்டு எழுது."

கட்டுரை வெளிவந்த அன்று ஒரு நீண்ட எண்ணை எழுதச் சொன்னாள். "விலாசம் மாறும், இது மாறாது. கட்டுரை எங்க குடிபோனாலும் இந்த நம்பரைக் கேட்டா வழி சொல்லும்." அவர் அதைப் பாட்டுப்போல ஒப்பித்துக்கொண்டே திரிந்தார். ஆனால் நினைவுக்கல் வெட்டும்போது மனசு ஒப்பவில்லை. நம்பர் போட்டு வைக்க அவள் என்ன கைதியா?

"அம்மாடி, நான் சொல்றதை அடி" என்றார். இருமலுக்கு நடுவே எண்கள் தடுமாறாமல் வந்தன.

கைபேசி கொஞ்சம் யோசித்தது. அப்புறம் வேறொரு தளத்தில் கட்டுரை திறந்தது.

"வந்திருச்சு மாமா. இப்பவே அவளுக்கு அனுப்பிடறேன்."

"கடைசிப் பக்கத்தைக் காட்டு."

கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார்: 'முதல் மூச்சைத் தந்த அண்ணனுக்கு நன்றி.'

"பழைய விலாசத்தைக் கொத்தி எடுத்துடலாமா மாமா?"

"இருக்கட்டும். அவ முன்ன குடியிருந்த வீடு."

அதன் கீழே சாக்கட்டியால் எண்ணை எழுதினார். நடுவில் ஐந்து கொஞ்சம் சாய்ந்தது. அவர் துண்டை நனைத்துத் துடைத்துவிட்டு, மறுபடி எழுதினார்.