இடது பக்கக் கோணல்

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் முடிந்துவிட்டால் அஸ்மாரா நகரத்தின் சைக்கிள் பைத்தியங்களில் பாதிப் பேர் மெக்கானிக் ஒக்பாயின் பட்டறைக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில்தான் நிற்பார்கள். யாருக்கு எந்த மேட்டில் நாக்குத் தள்ளியது என்று மாலைவரை வாய் ஓயாது. அன்றைக்கு அவர்கள் வாயில் அகப்பட்டவன் ஒக்பாய்தான். அவன் பூட்டிக் கொடுத்த செயின் ஒன்று பந்தயத்தின் நடுவே அறுந்துபோயிருந்தது. ஆளாளுக்கு வறுத்தெடுத்தார்கள். அந்த எரிச்சலில் அவன் இருந்தபோதுதான் மெஸ்கனா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

பெண்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவள் அவள். சின்ன வயதில் முறிந்த இடது கால் சரியாகக் கூடவில்லை. நடந்தால் லேசாகச் சாய்வாள். சைக்கிளில் ஏறிவிட்டால் அது யார் கண்ணுக்கும் தெரியாது. போன வாரம்தான் பெடலைத் தாங்கும் கிராங்க் ஆடுகிறதென்று கொண்டுவந்து விட்டிருந்தாள். ஒக்பாய் அச்சைப் பிரித்து, பால்ரஸ் குண்டுகளை மாற்றி, முடுக்கிக் கொடுத்திருந்தான்.

“அண்ணே, அந்தப் பழைய ஆட்டம் போயிடுச்சு. இப்ப இது வேற மாதிரி. இடது பெடல் மட்டும் பாதத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புது.”

ஒக்பாய் இரண்டு கிராங்கையும் பிடித்து உலுக்கினான். பாறை மாதிரி நின்றது.

“மயிரிழை ஆட்டம் இல்ல. எல்லாரும் வந்து பாருங்கப்பா, என் வேலையை!”

“இல்லண்ணே, மிதிச்சாத்தான் தெரியுது. ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்.”

“ஏறித்தான் பாக்கணுமா? கிராங்க்ல கோட்டம் இல்ல பொண்ணே. கோட்டம் உன் கால்ல. அதுக்கு என்கிட்ட ஸ்பேனர் கிடையாது.”

காப்பிக்கடை கொல்லென்று சிரித்தது. பழைய பந்தயக்காரரான ஸெராய் மட்டும் கோப்பையை வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தார்.

மெஸ்கனா சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். “அப்ப இங்கேயே கிடக்கட்டும்ணே” என்றாள். தெருமுனை திரும்பும்வரை சாயாமல் நடக்கப் பார்த்தாள். அதை ஒக்பாய் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. சைக்கிள் சுவரோரம் தூசி படிந்து கிடந்தது.

ஒருநாள் ரொட்டி வாங்கப் போக அவசரம். தன் சைக்கிளில் காற்று இறங்கியிருந்ததால் ஒக்பாய் அவளுடையதில் ஏறினான். பத்து மிதி மிதிப்பதற்குள் அவன் இடது பாதம் உள்ளும் புறமுமாகப் புரண்டது. அவன் கால் நேரான கால். ரொட்டிக்கடைக்குப் போகாமல் இறங்கித் தள்ளிக்கொண்டே பட்டறைக்குத் திரும்பினான்.

முதலில் பெடல் அச்சைச் சந்தேகித்தான். பெடலைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டிச் சுற்றினான். அதுவும் தலையாட்டியது. அப்படியானால் பெடல் இல்லை, அதைத் தாங்கும் கிராங்க் கைதான். கழற்றி, மட்டம் பார்க்கும் கண்ணாடிப் பலகைமேல் வைத்தான். ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றது. திருப்பினான். உள்பக்கம் சுத்தியல் அடி பட்ட பள்ளம் ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

அவன் அடித்த அடிதான். கிராங்க் கழற்றும் கருவியின் மரை தேய்ந்திருந்ததால், போன தடவை பால்ரஸ் மாற்றும்போது சுத்தியலால் தட்டிக் கழற்றியிருந்தான். காது மடல் சுட்டது. யாரும் பார்க்கிறார்களா என்று வாசலைப் பார்த்துவிட்டு, வளைந்த கிராங்க்கைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டான். தன் சைக்கிளின் கிராங்க்கைக் கழற்றி அவளுடையதில் பூட்டினான்.

அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், சின்ன வேலை என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். அப்படியேதான் சொன்னான்.

“லேசா முடுக்கியிருக்கேன். ஏறிப் பாரு.”

மெஸ்கனா சந்தில் ஒரு சுற்று சுற்றி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நீங்க சொன்னது சரிதாண்ணே! கால்லதான் கோளாறு. தினமும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு பாதத்தை நேரா வச்சுப் பழகினேன். வலி உயிர் போகும். அம்மாதான் எண்ணெய் போட்டுத் தேய்ச்சு விடுவாங்க. இப்பப் பாருங்க, ஆடவே இல்ல!”

“உள்ள வாப்பா, காப்பி குடிச்சிட்டுப் போ” என்றாள் அவள் அம்மா அபெபா. “உன் வாய் கசப்பு. ஆனா எம்பொண்ணுக்கு நல்லது செஞ்சிருக்க.”

அந்த ஊரில் மூன்று சுற்றுக் காப்பி முடியாமல் எழுந்து போவது மரியாதை இல்லை. முதல் கோப்பையை அவன் ஒரே மடக்கில் குடித்துவைத்தான். அபெபா இரண்டாவதை ஊற்றும்போது, கோட்டுப் பையிலிருந்த கிராங்க்கை எடுத்து, காப்பியோடு வைத்திருந்த சோளப்பொரித் தட்டின் பக்கத்தில் வைத்தான்.

“உன் கால்ல ஒண்ணுமில்ல. இதுதான் கோணல். நான் அடிச்சு வளைச்சது.”

மெஸ்கனா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பள்ளத்தை விரலால் தடவினாள்.

“எதுக்கு அடிச்சீங்க?”

“கருவி தேஞ்சிருந்துச்சு. அவசரம்.”

“என் காலைச் சொன்னீங்களே, அதுவும் அவசரமா?”

“மெஸ்கனா!” என்றாள் அம்மா.

“இரும்மா. அதை ஊர் முன்னாடி சொன்னார். இதை நம்ம வீட்டுக்குள்ள வந்து சொல்றார்.”

ஒக்பாய் தட்டிலிருந்த பொரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு காப்பிக்கடை நிறைந்திருந்தபோது, வளைந்த கிராங்க்கை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, நடந்ததைச் சொன்னான். அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டம், அதே மாதிரி அவனைப் பார்த்துச் சிரித்தது. “இனிமே கால் வலின்னு டாக்டர்கிட்ட போறவன்லாம் முதல்ல உன் சுத்தியலைப் பாத்துட்டுப் போகணும்டா!” என்றான் ஒருவன். ஸெராய் அப்போதும் சிரிக்கவில்லை. “அந்தப் பொண்ணு இதைக் கேட்டுச்சா?” என்று மட்டும் கேட்டார்.

மெஸ்கனா அங்கே இல்லை. யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் அதன்பிறகு அவளுடைய சைக்கிள், சந்தைக்கு அப்பாலிருக்கும் வேறொரு பட்டறைக்குத்தான் போனது. பெண்கள் குழு காலையில் ஒக்பாயின் பட்டறைத் தெரு வழியாகத்தான் பயிற்சிக்குப் போகும். ஒக்பாய் தலையைத் தூக்காமலே கூட்டத்தில் அவளுடைய இடது பெடலைக் கண்டுபிடித்துவிடுவான். அது நேராகச் சுற்றும். அவள் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.