மலையைப் பார்த்த வாசல்

சேக் முகைதீன் தூங்கினால் அவர் படுத்திருக்கும் கட்டடம் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். மலை என்றால் ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் அருவி விழுகிற மலை. வாசல் அதற்கு நேராக வந்து நிற்கும். நின்றது நின்றதுதான், விடிந்ததும் பழைய இடத்துக்குப் போகிற வழக்கம் அதற்குக் கிடையாது. கட்டடம் திரும்பும்போது உள்ளே வேறு யார் தூங்கினாலும், ஆளோ ஆடோ கோழியோ, அவர்கள் தலையும் வாசல் பக்கம் திரும்பிவிடும். விழித்திருப்பவர்களுக்கு லேசாகத் தலை சுற்றும், அவ்வளவுதான். பஞ்சு வியாபாரியான சேக் முகைதீனின் சொந்த வீடு கட்டும்போதே மேற்குப் பார்த்து அமைந்துவிட்டதால் ஊரில் யாருக்கும் தொந்தரவு இல்லை. பிலவ வருஷம் பருத்தி விலை படுத்துவிட்டபோது, சனங்கள் அதைப் பற்றித்தான் பேசினார்களே தவிர இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வெளியூரில்தான் சங்கடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மைத்துனர் மதார் சாகிப் வீட்டு விருந்தில் பிரியாணியின் கனத்தால் ஒரு மதியம் கண்ணயர்ந்துவிட்டார். எழுந்து பார்த்தால் வீட்டின் முன்கட்டில் இருந்த மதார் சாகிப்பின் ஜவுளிக்கடை பின்பக்கத்து மாட்டுத்தொழுவத்தைப் பார்த்து நின்றது. மதார் சாகிப் நல்ல மனுஷர். ஆனால் அடுத்த விருந்துக்கு அழைத்தபோது காலையிலேயே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். வண்டியில் தூங்குவதும் ஆகாது. வண்டி மலைப்பக்கம் திரும்பும், மாடு பாவம், திரும்பின பக்கம் நடக்கும். சாத்தூர்ச் சந்தைக்குக் கிளம்பிப் போய்த் தன் வீட்டு வாசலிலேயே கண்விழித்த அனுபவம் அவருக்கு உண்டு.

ஒரே மகள் நூர்னிசாவை மதுரையில் அத்தர் வியாபாரி நைனா முகமதுவின் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். தலைப்பிரசவத்துக்கு ராஜபாளையம் வந்தவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்துவிட்டது என்றார்கள். அவள் பிழைத்ததே பெரிய காரியம். மறுபடி சூல்கொண்டபோது, வண்டி ஏறினால் நான் பொறுப்பில்லை என்று மதுரை வைத்தியர் சொல்லிவிட்டார். தாய் ஆயிஷா பீவி முன்னதாகவே போய் மகளோடு இருந்துகொண்டாள். அங்கிருந்து நூர்னிசா சொல்லியனுப்பினாள்: "அத்தா பக்கத்துல இருந்தா எனக்குப் பயம் இல்ல. அவிய வரணும்." ஆனால் பேரப்பிள்ளையின் முகம் பார்க்கும் முன்னே பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டில் படுப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். வழக்கம் இல்லாவிட்டாலும், பிள்ளைத்தாய்ச்சி படுத்திருக்கிற வீட்டைச் சுழற்ற எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? ஆகவே மதுரைப்பட்டணத்தில் தனக்குத் தோதான ஒரு விடுதி அவருக்கு வேண்டியிருந்தது.

பருத்தித் தரகர் தவசிமுத்துவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். விருதுபட்டியில் ரயில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை மிளகாய்வற்றலைக் கடித்துக்கொண்டே விழித்திருந்தார். ரயில் ஒழுங்காக மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது.

பள்ளிவாசலை ஒட்டி, வழிப்போக்கர்கள் தங்கும் முசாபர்கானாவில் முதலில் கேட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுவர் மேற்கை விட்டு விலகிப்போனால் தொழுகைக்கு யார் பதில் சொல்வது என்றார். அது நியாயம்தான் என்று சேக் முகைதீனே சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். வைகைக்கரையில் நாலு பக்கமும் திறந்து கிடந்த கல்மண்டபச் சத்திரம் அவருக்கென்றே கட்டியதைப் போலிருந்தது. எப்படித் திரும்பினாலும் எல்லாப் பக்கமும் வாசல்தான். காவல்காரர் உக்கிரபாண்டி உண்மையிலேயே வருத்தப்பட்டார். "மண்டபம் சுத்துனா சுத்திட்டுப் போகுதுங்க. ஆனா ஒங்க ஆளுகளைப் படுக்க விடக்கூடாதுன்னு கட்டுனவிய சொல்லிட்டுப் போயிட்டாங்களே" என்றார். கருங்கல் மண்டபம் சுழலும் என்பதை அவர் கொஞ்சமும் சந்தேகிக்கவில்லை.

ரயிலடிக்கு எதிரே ஞானதுரை என்பவர் நடத்திய மாடி விடுதி எல்லாருக்கும் பொது. தவசிமுத்து தரகருக்குரிய விதமாகக் கிணற்றைப் பார்த்தார், சமையல்காரனின் நகத்தைப் பார்த்தார், வாசல் எத்தனை என்று எண்ணினார். "ஒத்த வாசதான் அண்ணாச்சி. நமக்குச் சரிப்படாது" என்றார். சேக் முகைதீன் அதற்குள் தலையணை ஒன்றின் தையலைப் பிரித்துக் கையை உள்ளே விட்டிருந்தார். பொதியின் மேல்பஞ்சைப் பார்க்காதே, நடுவிலே கையை விடு என்பதுதான் அவர் தொழிலில் முதல் பாடம். நடுப்பஞ்சு ஒரு கொட்டை, ஒரு தூசி இல்லாமல் வந்தது. தலையணையின் நடுவிலேயே இவ்வளவு யோக்கியம் என்றால் வீட்டுக்கு என்ன குறை என்று அங்கேயே படுத்துவிட்டார். பஞ்சு வியாபாரியைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

காலையில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் கோர்ட்டுக்குப் போகப் படியிறங்கி வாசலைத் தாண்டினால், பின்வீட்டு அடுப்படியில் நின்றார். அங்கே இருந்த அம்மாள் விருந்தாளி என்று நினைத்து இட்லி வைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மற்றவர்கள் கால் வைத்த இடத்தில் தலை இருக்க எழுந்து, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். ஞானதுரை கோபப்படவில்லை. வாடகையைத் திருப்பிக் கொடுத்து, இனி தன் விடுதிக்கு வருகிறவர்களிடம் ஜாதி, ஊர், தொழிலோடு இதையும் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

கடைசியில் கீழவாசல் பக்கம் இசக்கியம்மாளின் செக்கு வீடு கிடைத்தது. வட்டமான சுவர், கூம்புக்கூரை, நடுவில் பூமியில் ஆழ நட்ட கல்செக்கு. சுற்றிலும் பொட்டல், பக்கத்தில் வீடு வாசல் எதுவும் கிடையாது. வண்டிக்காரர்களைப் படுக்கவிட்டுப் பிழைத்துவந்தாள். முதல் ராத்திரி வீடு சுழன்றபோது செக்கு அசையவில்லை. கூரை உத்தரத்தோடு கட்டியிருந்த உலக்கை வீட்டோடு சேர்ந்து சுற்றியதில், உரலில் கிடந்த எள் ஆடி எண்ணெய் வழிந்திருந்தது. மறுநாள் இசக்கியம்மாள் மாட்டைப் பூட்டி வீட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துவைத்து, உரல் நிறைய எள்ளைக் கொட்டினாள். "வாடகையெல்லாம் வேண்டாம் பாய். நல்லாத் தூங்குங்க, அது போதும்" என்றாள். சேக் முகைதீன் பகலெல்லாம் சம்பந்தி வீட்டு வாசலில் மகளோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, இருட்டியதும் போய் எண்ணெய் ஆட்டினார். மதுரையில் அவருக்கு இனிக் கவலை இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

வலி கண்டது ஒரு முற்பகலில். உச்சிவேளைக்கு மருத்துவச்சி வெளியே வந்து, இந்தப் பிள்ளையும் குறுக்கேதான் கிடக்கிறது, தாயா பிள்ளையா என்று யோசித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டாள். நைனா முகமது தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆயிஷா பீவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மகளின் கட்டிலை இழுத்து, கால்மாடு தெருவாசலைப் பார்க்கும்படி போட்டாள். பிறகு புருஷனிடம் வந்தாள்.

"வயித்துல இருக்குற பிள்ள தூங்கிட்டுத்தான இருக்கு? நீங்க இங்கயே படுங்க."

"இங்கயா? சம்பந்தி வீட்டுலயா?"

நைனா முகமது வழக்கத்தை விட்டுக்கொடுக்காத ஆள். ஆனால் அவர்தான் உள்ளே போய்ப் பாயையும் தலையணையையும் தன் கையாலேயே கொண்டுவந்து விரித்தார்.

தூக்கம்தான் வரவில்லை. செக்கு வீட்டில் ராத்திரி ராத்திரியாய் நன்றாகத் தூங்கியிருந்தார். போதாததற்கு உள்ளேயிருந்து மகளின் கதறல். கசகசாப் பால் கொடுத்தார்கள். தவசிமுத்து காலைப் பிடித்துவிட்டார். தயிர்ச்சோறு ஊட்டினார்கள். கண்ணை மூடினால் கண்ணீர்தான் வந்தது. பெற்ற பிள்ளை செத்துக்கொண்டிருக்கும்போது தூங்கச் சொல்கிறீர்களே என்று அந்தப் பெரிய மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகையோடு, பழக்கதோஷத்தால், கை தலையணையின் தையலைப் பிரித்து உள்ளே போயிற்று. பஞ்சு அவருடையது. கூமாப்பட்டிக் கரிசலில் விளைந்தது, கல்யாணச் சீருக்காக அவரே பொறுக்கி அடைத்தது. அப்போது உள்ளேயிருந்து நூர்னிசாவின் குரல் வந்தது.

"அத்தா, செத்த நேரம் கண்ணசருங்க. நா இங்கனதான் இருக்கேன், எங்கயும் போகல."

சேக் முகைதீன் தூங்கிவிட்டார்.

வீடு மெதுவாகத் தென்மேற்கே திரும்பியது. அலமாரியில் அத்தர்க்குப்பிகள் கிணுகிணுத்தன. கூரை மேல் தூங்கிய பூனை தலையைத் திருப்பிக்கொண்டது. விழித்திருந்த நூர்னிசா தலை சுற்றுகிறது என்றாள். அவள் வயிற்றுக்குள் தூங்கிய பிள்ளை வாசலைப் பார்த்துத் தலையைத் திருப்பியது. வாசல் மலைக்கு நேராக நின்ற கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்குழந்தை தலைகாட்டிப் பிறந்தது. தகப்பனை எழுப்பவேண்டாம், தூங்கட்டும் என்று நூர்னிசா சொன்னாள்.

நைனா முகமதுவின் வீட்டு வாசல் அன்றிலிருந்து கொல்லன் பட்டறைச் சந்தில் இருக்கிறது. தபால்காரர் ஒரு வாரம் முனகிவிட்டுப் பழகிக்கொண்டார். இசக்கியம்மாளுக்குத்தான் வருத்தம், எள் அப்படியே கிடக்கிறது என்று சொல்லியனுப்பினாள். ஆனால் பேத்தியின் முகம் பார்த்தாயிற்று, வழக்கமும் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு மதுரைக்குப் போனால் சேக் முகைதீன் மகள் வீட்டிலேயே, பேத்திக்குப் பக்கத்தில் படுத்தார். வீடு அசையவில்லை, திரும்பவேண்டிய பக்கம் அது ஏற்கெனவே திரும்பியிருந்தது.