ஒரு விரல் இடைவெளி

1977ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் பதினேழாம் நாள், வியாழக்கிழமை. வேலூர் வட்டாரத்தில் காலை முதல் விடாத தூறல். வடகிழக்கிலிருந்து குளிர்ந்த காற்று வீசியது. அன்று பிற்பகல், ஆம்பூர்த் தணிகைவேலின் மிதிவண்டி பள்ளிகொண்டாவுக்குச் சற்று முன்பாக நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, வயல் வரப்புகளைக் கடந்து, ஓர் ஏரிக்குள் சென்று நீரில் படுத்துக்கொண்டது. வளைந்த கைப்பிடி மட்டும் இரு கொம்புகளைப் போல வெளியே தெரிந்தது. தணிகைவேல் இருக்கையை விட்டு இறங்கவில்லை. மார்பளவு நீரில், பெண் கேட்கச் செல்வதற்காக அணிந்த வெள்ளைச் சட்டையோடு, அது எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தார். முன்னரே அங்கே படுத்திருந்த எருமைகள் சற்று நகர்ந்து இடம் கொடுத்தன. கரையில் குடை பிடித்து நின்ற ஒருவர், அது யாருடைய எருமை என்று வினவினார். எருமையன்று, சைக்கிள் என்று தணிகைவேல் விடையளித்தார்.

"எதுவா இருந்தா இன்னாங்க," என்றார் அவர். "தண்ணில எறங்கிட்டா, அதுவா எழுந்தாத்தான் உண்டு."

இந்நிகழ்ச்சியின் காரணத்தை முறையாக விளக்குதல் வேண்டும். தணிகைவேல் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் மாதிரித் தோல்களைச் சென்னைப் பெரியமேட்டு வணிகர்களிடம் கொண்டு சேர்ப்பவர். திங்கட்கிழமை புறப்பட்டால் வியாழக்கிழமை திரும்புவார். போக்குவரத்து முழுவதும் மிதிவண்டியில்தான். ஏனெனில், இரண்டு சக்கரங்களுக்கு மேற்பட்ட எந்த வாகனத்தில் ஏறினாலும் அவர் உடனே உறங்கிவிடுவார். வாகனம் அதன் கடைசி ஊரை அடையும் வரை அவரை எழுப்ப இயலாது. ஒருமுறை ஜோலார்பேட்டைக்குச் சீட்டு வாங்கியவர் மங்களூரில் கண் விழித்தார். திரும்பும் வண்டியிலும் உறங்கிச் சென்னையில் விழித்தார். இவ்வாறு ஒரு மாத காலம் இரு கடல்களையும் மாறி மாறிக் கண்டபின், நண்பர்கள் அவரை நடைமேடையில் இழுத்துப் போட்டனர். அதன்பின் முதலாளி அவருக்கு ஒரு நெடுந்தூர மிதிவண்டியை வழங்கினார். அது தோல் வாங்க வந்த ஜெர்மானிய வியாபாரி ஒருவருடையது. மூன்று வாரம் ஆம்பூர்ப் பிரியாணி உண்ட அம்மனிதரின் எடையை அம்மெல்லிய வண்டி தாங்க மறுத்தமையால், அவர் அதனைத் தொழிற்சாலை வாயிலிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறினார்.

வண்டி காற்றைப் போல் ஓடியது. ஆயின் அதற்கு மட்கார்டு கிடையாது. மழைக்காலத்தில் பின்சக்கரம் வாரி இறைக்கும் சேறு தணிகைவேலின் முதுகில் இடுப்பிலிருந்து பிடரி வரை ஒரு கோடாகப் படியும். அச்சேறும் சாதாரணச் சேறன்று. மேல்விஷாரத்தில் செம்மை, வேலூரில் கருமை, அடுத்து தோல் பதனிடும் ஆவாரம்பட்டைச் சாற்றின் பழுப்பு, ஆங்காங்கே குரோமிய நீலம் என அது நிறம் மாறும், துவைத்தால் போகாது. குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் லோகநாதனின் மகள் மனோரமா, ஒரு மழை நாளில் தம் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நின்ற தணிகைவேலின் முதுகைக் கண்டு, அந்நிறங்களை வரிசை மாறாமல் மனத்தில் வாங்கி, மறுநாளே தறியில் ஏற்றினாள். அந்த லுங்கி சிங்கப்பூர் வரை விற்றது. அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் தணிகைவேலுக்குத் தாகம் தவறாமல் எடுத்தது. புதிய கோட்டைப் பார்க்க மனோரமாவும் தவறாமல் வாசலுக்கு வந்தாள். அவ்வாண்டு ஐப்பசிக்குள் இருவரும் திருமணம் செய்துகொள்ள முடிவு செய்துவிட்டனர்.

லோகநாதன் ஒப்பவில்லை. அவருடைய தொழில் நெறி அத்தகையது. பாவில், அதாவது நெடுக்கு இழைகளில், கட்டாத ஒரு கோடு துணியில் தோன்றினால், அது எவ்வளவு அழகாயினும், அவர் அத்துணியைத் தறியிலிருந்து அறுத்து எறிந்துவிடுவார்.

"பாவுல இல்லாத கோடு துணியிலயும் வரக்கூடாது, மாப்ள முதுகுலயும் வரக்கூடாது," என்றார் அவர். மழை நாளில் முதுகில் கோடின்றி, விளக்கேற்றும் வேளைக்குள், அம்மிதிவண்டியிலேயே வந்து பெண் கேட்கட்டும், அன்று பேசலாம் என்றும் சொல்லியனுப்பினார்.

ஆகவே மட்கார்டு தேவைப்பட்டது. தணிகைவேலின் நண்பர் மஹபூப் பாஷா, அதே தொழிற்சாலையில் தோல்களைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பவர். தொட்ட பொருள் அனைத்தின் கனத்தையும் சொல்லவல்லவர். அவர் வேலூர்க் கடைகளில் கிடைத்த மட்கார்டுகள் அனைத்தையும் வைத்துப் பார்த்தார். அவையாவும் பால்காரர்களின் பெரிய வண்டிகளுக்கு ஆனவை. இவ்வண்டியின் சக்கரத்தைத் தாங்கும் குறுகிய போர்க்கில் நுழையவில்லை. டயரிலும் சிக்கல் இருந்தது. ஒன்றேகால் அங்குல டயர் போட்டால் டயருக்கு மேல் ஒரு விரல் இடைவெளி கிடைக்கும், மட்கார்டு உரசாது. ஆனால் செருப்புத் தொழிற்சாலைகளின் சிற்றாணிகள் சிந்திக் கிடக்கும் நெடுஞ்சாலையில் அம்மெல்லிய டயர் தாங்காது. ஒன்றரை அங்குல டயர் ஆணியைப் பொருட்படுத்தாது. ஆனால் அதன்மேல் தாள் நுழையும் இடமே எஞ்சும். இந்நிலையில் பிற ஊரார் ஒரு தகரக் கொல்லரை நாடியிருப்பர். ஆம்பூரில் எவருக்கும் தகரம் என்னும் ஒரு பொருள் உலகில் உண்டென்று நினைவுக்கு வரவில்லை. மஹபூப் பாஷா அணைக்கட்டு என்னும் ஊரிலிருந்து வந்த எருமைத் தோல் ஒன்றைச் சீவி மெலிதாக்கி, அச்சில் வைத்து வளைத்து, இரு சக்கரங்களுக்கும் மட்கார்டு தைத்தார். கண்கொள்ளா வேலைப்பாடு. ஒன்றரை அங்குல டயருக்கும் அதற்கும் இடையே தாளளவு இடமே இருந்தது. மழையில் தோல் ஊறித் தடித்தது, டயர் அதனை உரசியது, உரசிய சூட்டில் எருமை விழித்துக்கொண்டது. அதன்பின் நிகழ்ந்ததை முதற்பத்தியில் கூறியுள்ளோம். ஏரிகள் நிறைந்த வேலூர் வட்டாரத்தில், அது அன்று மட்டும் அதே போல் மேலும் இரண்டு ஏரிகளில் இறங்கியது. குடியாத்தத்தில் விளக்கேற்றியபோது தணிகைவேல் மூன்றாவதில் அமர்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டு மழைக்கு வெள்ளாட்டுத் தோல் பொருத்தப்பட்டது. எடை குறைவு, வளைப்பதும் எளிது என்பது மஹபூப் பாஷாவின் கணிப்பு. முதல் தூறலிலேயே வண்டி வேலூர்க் கோட்டை மதிலின் மேல் ஏறிக்கொண்டது. அகழிக்கு மேலே, ஒரு சாண் அகலமுள்ள விளிம்பில் அது துள்ளித் துள்ளி நடக்க, கீழே நின்ற காவலாளி அங்கு ஏற அனுமதியில்லை என்பதை மும்முறை எடுத்துரைத்தார். இறங்கியபின் அது வழியெங்கும் நின்று சுவரொட்டிகளைத் தின்றது. ஐப்பசி முடிவதற்குள் செம்மறித் தோல் முயலப்பட்டது. செம்மறி சாந்தமானதுதான், ஆனால் முன்னே எந்த வண்டி சென்றாலும் தலை குனிந்து அதன் பின்னே சென்றது. சென்னையிலிருந்து வரும் வழியில் அது ஒரு தபால்காரரைப் பற்றிக்கொண்டு, குடியாத்தத்திற்குத் திரும்பாமல், ஆம்பூரையும் கடந்து, நாட்றம்பள்ளியில் அவர் வீட்டு வாசலில் சென்று நின்றது. தபால்காரர் நல்லவர். இருவருக்கும் உணவளித்தார்.

பிறகுதான் மஹபூப் பாஷா உண்மையைக் கண்டறிந்தார். உரசினால்தான் தோல் விழிக்கிறது. ஒரு விரல் இடைவெளி இருந்தால் அது உறங்குகிறது. ஒன்றேகால் அங்குல டயர் மாட்டப்பட்டது. தோல் உறங்கியது, முதுகு பால் போல் இருந்தது. ஆனால் ஆற்காட்டிற்கும் பள்ளிகொண்டாவிற்கும் இடையில் டயர் ஏழு முறை பஞ்சரானது. மறுநாள் காலையில் வந்து சேர்ந்தவரின் முதுகைப் பார்க்க லோகநாதன் வெளியே வரவில்லை.

1979இன் மழைக்காலத்தில் நிலைமை முற்றியது. இராணிப்பேட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைந்தார். அவரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் மட்கார்டு சக்கரத்தைப் போர்வை போல மூடியிருந்தது. மார்கழி பிறக்குமுன், கார்த்திகையின் கடைசி வியாழனன்று மாலை, தட்டு மாற்றுவதென்று முடிவாகியது. இதனைக் கேட்ட மனோரமா, லுங்கிக் கட்டு ஒன்றைக் கொடுக்கும் சாக்கில் பேருந்தேறி ஆம்பூருக்கு வந்து, தொழிற்சாலை வாயிலில் நண்பர்கள் இருவரையும் நிறுத்தினாள்.

"ரெண்டு பேரும் தோல் தோலா மாத்திக்கினே இருக்கீங்க," என்றாள். "எருமை ஏரிக்குப் போச்சி. ஆடு மதில் ஏறிச்சி. அதது அதுக்குத் தெரிஞ்ச எடத்துக்குப் போவுது. எங்க வூட்டுக்கு வழி தெரிஞ்ச தோலா ஒண்ணு போட்டா இன்னா?"

நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மனோரமா மேலும் கூறினாள். அவர்கள் வீட்டுச் செவலைப் பசு சென்ற ஆடி மாதம் கிழப்பருவத்தில் இறந்தது. அதன் தோல் ஆம்பூருக்குத்தான் வந்தது. கன்றாயிருந்தபோது வயிறு உப்பிக் கிடந்த அதற்கு, அவள் தந்தை, தறியில் குறுக்கிழை ஓட்டும் படகு போன்ற நாடாவின் இரும்பு முனையைக் காய்ச்சிச் சூடு போட்டார். வலப்புற விலாவில் நாடா வடிவத்தில் தழும்பு இருக்கும்.

சூட்டுத் தழும்பு உள்ள தோலை எவரும் வாங்கார். மஹபூப் பாஷா தம் பணிக்காலம் முழுவதும் அத்தகைய தோல்களை முகம் சுளித்துக் கழிவுக் குவியலில் எறிந்து வந்தவர். இப்போது முதன்முறையாக ஒரு தழும்பைத் தேடி அக்குவியலுக்குள் இறங்கினார். வண்டிச்சக்கரம் போன்ற தழும்பு, சூலம் போன்ற தழும்பு, ஏணி போன்ற தழும்பு எனப் பலவற்றைப் புரட்டினார். இரண்டாம் நாள், மார்போடு ஒரு தோலை அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். பின்சக்கர மட்கார்டின் நடுவில், வெளிப்பக்கம் தெரியுமாறு, அந்நாடாத் தழும்பை வைத்துத் தைத்தார். டயரைத் தேர்வு செய்யும் கட்டம் வந்தபோது தணிகைவேல் பழக்கத்தால் மெல்லிய டயரை எடுத்தார். பாஷா அதைப் பிடுங்கி வைத்தார்.

"ஒன்றரை இஞ்ச் போடு தோஸ்த். இந்த வாட்டி ஒரசணும்."

"பாய், பசுமாடு ரோட்ல குந்திக்கினா இன்னா பண்றது? பின்னாடி லாரிங்க வருமே."

"சாயங்காலத்துல எந்த மாடு ரோட்ல குந்தும்? வூட்டு நெனப்பு வந்துடும். நீ கைப்பிடிய மட்டும் திருப்பாதே."

டிசம்பர்த் திங்கள் பதின்மூன்றாம் நாள் தணிகைவேல் சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். வாலாஜாவைக் கடக்கும்போது மழை பிடித்தது. தோல் ஊறியது. டயர் உரசியது. வண்டி ஒருமுறை நின்று காற்றை முகர்ந்தது. பின்பு அது ஓடத் தொடங்கியது. பால் கட்டிய மடியோடு கன்றை நினைத்து ஓடும் பசுவின் ஓட்டம் அது. தணிகைவேல் கால்களை மேலே தூக்கிக்கொண்டார். மேல்விஷாரத்தில் தேநீர்க் கடையின் கூரைக்குக் கீழ் ஒதுங்கியிருந்தோர், ஒரு பேருந்தை ஒரு மிதிவண்டி முந்துவதையும், அதன் மேலிருந்தவர் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் கும்பிடுவதையும் கண்டனர். சிற்றாணிகள் டயரில் ஏறவில்லை; சேறு மட்கார்டைத் தாண்டவில்லை. பள்ளிகொண்டாவில் எருமைகள் ஏரியிலிருந்து தலை தூக்கிப் பார்த்தன. வண்டி அவற்றை ஏறிட்டும் பாராமல் குடியாத்தம் சாலையில் தானே திரும்பியது. தணிகைவேலுக்கு அச்சமும் சிரிப்பும் ஒருங்கே வந்தன, சிரிப்பே விஞ்சியது.

லோகநாதன் வீட்டுக் கூடத்தில் தாம்பூலத் தட்டுகள் எதிரெதிரே வைக்கப்பட்டிருந்தன. மிதிவண்டி வாசலில் நிற்கவில்லை. சந்து வழியாகக் கொல்லைக்குச் சென்று, காலியாக இருந்த தொழுவத்தில், பழைய முளைக்குச்சியின் பக்கத்தில் நின்று, மணியை விடாமல் அடித்தது. லோகநாதனின் மனைவி தாயாரம்மாள் கூடத்திலிருந்து எழுந்தாள். "செவலை வந்துட்டா," என்று சபைக்கு அறிவித்துவிட்டு, தவிட்டுத் தண்ணீர் கலக்கச் சென்றாள்.

லோகநாதன் கையில் விளக்குடன் வந்தார். முதலில் தணிகைவேலைத் திரும்பி நிற்கச் சொன்னார். நெய்த துணியைச் சோதிக்கும் முறைப்படி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, இடுப்பிலிருந்து பிடரி வரை பார்த்தார். சட்டை மழையில் நனைந்து உடலோடு ஒட்டியிருந்தது. ஆனால் ஒரு கோடும் இல்லை. பின்பு விளக்கு மட்கார்டின் பக்கம் சென்றது. அவர் விரல் அந்தத் தழும்பின் மேல் நெடுநேரம் நின்றது. வண்டி மணி அடிப்பதை நிறுத்திக்கொண்டது.

"நாந்தான் சூடு வெச்சேன்," என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். பிறகு தணிகைவேலைப் பார்த்து, "மாட்ட வூடு சேத்துட்டு வெளியவே நிக்கறீங்களே, உள்ள வாங்க மாப்ள," என்றார்.

இராணிப்பேட்டை மாப்பிள்ளை நியாயமான மனிதர். "மாடே வந்து சொல்லிடுச்சி, இனிமே நாம இன்னா பேசறது," என்று கூறி, தமக்கு வைத்த கேசரியை முழுவதும் உண்டு, மனோரமாவுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டே மோட்டார் சைக்கிளை உதைத்தார். தட்டு தணிகைவேலோடு மாற்றப்பட்டது.

தைத் திங்களில் திருமணம் நடந்தது; தணிகைவேல் குடியாத்தத்திலேயே மாமனார் வீட்டில் குடியேறினார். அதன்பின் ஒரு முறைமை ஏற்பட்டது. சென்னை செல்லும்போது ஒன்றேகால் அங்குல டயர், தோல் உறங்கும். திரும்பும்போது ஒன்றரை அங்குல டயர், தோல் விழிக்கும். பெரியமேட்டுச் சந்தொன்றில் அமர்ந்து டயர் மாற்றும் தணிகைவேலிடம் காரணம் கேட்டோருக்கு, வீட்டுக்குப் போகும் டயர் வேறு என்று அவர் சொல்வார். வண்டி தொழுவத்தில் நிற்கும் மாலைகளில் லோகநாதன் அதன் முன் ஒரு பிடி புல் வைத்தார். காலையில் புல் இருப்பதில்லை.

1981ஆம் ஆண்டு பங்குனியில் வண்டி இரண்டு நாள் தொழுவத்தை விட்டு நகர மறுத்தது. தாயாரம்மாள் அதனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சுடுநீர் வைக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் வெயில் கடுமையாக இருந்தது; தறிகள் நின்றன; தெருவார் வேலிக்கு அப்பால் கூடினர். செய்தி கேட்டு மஹபூப் பாஷா ஆம்பூரிலிருந்து வந்து சேர்ந்தபோது, பெரிய வண்டியின் பக்கத்தில் வைக்கோலின் மேல், ஈரம் காயாத ஒரு சிறிய மிதிவண்டி, சக்கரங்கள் நடுங்க நின்றுகொண்டிருந்தது. செவலை நிறம். அதற்கு மட்கார்டு இரண்டும் பிறவியிலேயே இருந்தன. மனோரமா தன் மூன்று மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இது இவளுக்குத்தான் என்றாள். வேறு யாருக்கென்று எவரும் கேட்கவில்லை. மஹபூப் பாஷா குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே தம் சுட்டுவிரலை நுழைத்தார். விரல் எங்கும் உரசாமல் முழுச் சுற்றும் சென்று வந்தது.

"சரியா கீது," என்றார்.

அப்போது மணி பிற்பகல் மூன்று பத்து.