எட்டு நிமிட வட்டம்

மேசையின் கடைசி இழுப்பறை மட்டும் திறப்பேனா என்று அடம்பிடித்தது. மகள் ஒரு காலை மேசையில் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தாள். அப்பா இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. கீழ்த்தளத்து அரங்கில் நினைவுக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அப்பாவின் கல்லூரி அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். புதிதாக வந்திருப்பவருக்கு உட்கார இடமில்லையாம். முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்த மனிதருக்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்ததே பெரிய மனசுதான்.

"விடுங்கக்கா, நான் பார்க்கறேன்" என்றான் தசமம்.

அப்பாவின் பழைய மாணவன். எதைக் கேட்டாலும் புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் வரை பதில் சொல்வான் என்பதால் அப்பா வைத்த பெயர். இப்போது தலை பாதி நரைத்து, அவனிடமே பத்துப் பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள். இருந்தாலும் இந்த அறைக்குள் வந்துவிட்டால் தசமம்தான்.

அப்பாவின் துறைக்குச் செயல்பாட்டு ஆராய்ச்சி என்று பெயர். அம்மாவுக்கு அது கடைசி வரை வாயில் நுழையவில்லை. "எதை எங்க வச்சா ஜனங்க காத்துக்கிடக்கறது குறையும்னு கணக்குப் போடறார்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்த ஆறு ஆம்புலன்ஸ்களைப் பிரித்து, ஊரின் ஆறு இடங்களில் நிறுத்தவைத்தவர் அவர். கூப்பிட்டால் எட்டு நிமிடத்தில் வண்டி வாசலில் நிற்கும், ஏற்றிய உடனே வைத்தியம் தொடங்கிவிடும், பதறிப்போய் நீங்களே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள் என்று வானொலியில் பேசினார். சாப்பாட்டு மேசையில் பேசினார். குழாய் சரிசெய்ய வந்த ஆளைக்கூட அவர் விடவில்லை.

இழுப்பறை ஒருவழியாகத் திறந்தது. உள்ளே நாலாக மடித்த வரைபடம் ஒன்று இருந்தது. தசமம் அதை மேசைமேல் விரித்தான். ஊர்ப்படத்தின்மேல் நீலப் பென்சிலில் ஆறு வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு வண்டி எட்டு நிமிடத்தில் போய்ச்சேரும் எல்லை.

"அடேயப்பா, சார் கையாலயே போட்ட முதல் படம்க்கா இது!" அவன் விரல் ஏரியைத் தாண்டிப் போய் நின்றது. "இது உங்க தெருதானே?"

அவர்கள் தெருதான். எந்த வட்டத்துக்குள்ளும் வராமல் வெள்ளையாகக் கிடந்தது.

"அன்னிக்கு நாங்க எவ்வளவோ கெஞ்சினோம். மில் குடியிருப்புல நிக்கிற வண்டியை ஏரிப் பக்கம் கொஞ்சம் தள்ளினா உங்க வீடும் உள்ள வந்துடும் சார்னு. மசியவே இல்ல. அங்க ஒன்பதாயிரம் வீடு விட்டுப்போகும், எங்க பக்கம் இருக்கறதே நானூறு, எல்லார் வாசல்லயும் கார் நிக்குது, எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்கன்னுட்டார். சொந்த வீட்டை வெளிய விட்டுட்டு எவன்க்கா வட்டம் போடுவான்? இன்னிக்கு மேடையில இதைத்தான் பேசப்போறேன்."

மகள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பா இறந்த அன்று காலை பத்து மணி. அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு ஓடிவந்தாள். வாசலில் கார் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு நிமிடம்.

"காரை எடும்மா" என்றார் அப்பா.

"சும்மா இருங்கப்பா. எட்டு நிமிஷம் பொறுக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

இன்னொரு தடவையும் சொன்னார். வலியில் பிதற்றுகிறார் என்று நினைத்து அவள் கையைத் தடவிக்கொடுத்தாள். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மில் குடியிருப்பிலிருந்து வண்டி வந்துசேர இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று.

அவர் பிதற்றவில்லை, கணக்குத்தான் சொல்லியிருக்கிறார். ஊருக்கெல்லாம் வாய் ஓயாமல் சொன்ன மனிதர், நம் வீடு வெளியே இருக்கிறது என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அவர்மேல் வந்த கோபம் ஒரு நொடிகூட நிற்காமல் அவள் மேலேயே திரும்பிவிட்டது. அவர் பேச்சை வைத்தே அவர் வாயை அடைத்துக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். அதை மாற்றி நினைக்க எந்த வழியும் அவளுக்குத் தெரியவில்லை.

"தம்பி, அதைச் சொல்லாதீங்க."

"ஏன்க்கா? சார் செஞ்சதுலயே பெரிய காரியம் இதுதானே?"

"அம்மா தாங்க மாட்டாங்க."

பாதி உண்மை. வண்டி நேரத்துக்கு வந்ததா என்று அம்மா பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தது என்று இவளும் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியாக என்னடி சொன்னார் என்று அம்மா கேட்டபோதெல்லாம், ஒன்றும் சொல்லவில்லை என்றிருந்தாள்.

கூட்டம் நடந்தது. ஒருவர் அப்பாவின் நேரந்தவறாமையைப் புகழ்ந்தார். இன்னொருவர் அப்பாவைப் பற்றித் தொடங்கித் தன்னைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். தசமம் மேடையேறி, சார் தேர்வுத்தாளைச் சிவப்பு மையில் திருத்தமாட்டார், பையன்கள் பயப்படுவார்கள் என்பதால் பச்சை மைதான் என்று என்னவோ சொல்லிவிட்டு இறங்கினான். சப்பென்று இருந்தது. மரியாதைக்குக் கைதட்டினார்கள். உயிரை எடுத்தது போதாதென்று அவருக்குச் சேரவேண்டிய பெயரையும் எடுத்துக்கொண்டேனே என்று மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட்டம் கலைந்ததும், அவர் அறையை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அம்மா மாடியேறி வந்தாள். படம் மேசைமேல் விரித்தபடியே கிடந்தது.

"அவர் கையெழுத்தாச்சே இது! ஆம்புலன்ஸ் படமா?" அம்மா குனிந்தாள். "இதுல நம்ம வீடு எங்கடி இருக்கு?"

தசமம் மகளைப் பார்த்தான். அவள் மில் குடியிருப்பின்மேல், வட்டத்துக்கு நட்டநடுவில் விரலை வைத்தாள்.

"இங்கம்மா."

"நடுவுலயே இருக்கே. அதான் வண்டிக்காரன் சட்டுனு வந்திருக்கான்." அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "இவர் போகணும்னு இருந்திருக்கு. யார் என்ன பண்ண முடியும்?"

மகள் விரலை எடுத்த இடத்தில் அம்மா தன் விரலை வைத்துக்கொண்டாள். தசமம் தரையில் உட்கார்ந்து, ஏற்கெனவே கட்டிய புத்தகக் கட்டு ஒன்றை அவிழ்த்துத் திரும்பக் கட்ட ஆரம்பித்தான்.