காதுக்கு ஒரு பேனா

“எனக்குப் பேனா வேணும் சார். ஒரு தாளும்.”

கேட்டுவிட்டேன். இந்தக் கட்டடத்துக்குள் லீவு கேள், தலைவலிக்கு மாத்திரை கேள், பேனாவை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று மாமா தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. இங்கே வாசலில் செக்யூரிட்டி. கையில் காலில் விழுந்து இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். காலையில் என் பையைத் துழாவிப் பேனாவை எடுத்துத் தட்டில் போடுகிறவரும் அவர்தான்.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் இருவருக்கும் நடுவே மேசையில் ஒரு தாள் கிடந்தது. ‘என் கவனக்குறைவால் தவறு நடந்தது. இனி நடக்காது’ என்று அடித்து வைத்திருந்தார்கள். கீழே என் கையெழுத்துக்கு இடம். போட்டால் என் தற்காலிக வேலை நிரந்தரம். போடாவிட்டால் இன்றோடு சரி.

“உக்காரும்மா. பேனாவுக்கும் நீ விட்ட தப்புக்கும் என்ன சம்பந்தம்?”

சம்பந்தத்தைச் சொல்வதற்கு எங்கள் அறையைச் சொல்ல வேண்டும். ஜன்னல் கிடையாது. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு திரை, ஒரு ஹெட்போன். கேஸ் அடுப்பு விற்கும் கம்பெனிக்கு ஜனங்கள் போன் பண்ணிப் புலம்புவதைப் பதிவு செய்து எங்கள் காதில் ஊற்றுவார்கள். பதில் சொன்னவர் வணக்கம் சொன்னாரா, என்ன குறை என்று விசாரித்தாரா, ஆபத்தான விஷயம் ஏதாவது வந்ததா என்று கேட்டு முடித்தபின் திரையில் குறிக்க வேண்டும். ஒரு தடவைதான் ஓடும். நிறுத்த முடியாது, பின்னால் தள்ளிக் கேட்க முடியாது. குமிழின் நிறம், வாரண்டி அட்டை, வராத மெக்கானிக், மறுபடியும் குமிழின் நிறம். பக்கத்து சீட்டுக்காரிக்கு நாங்கள் வைத்த பெயரே கொட்டாவி.

முதலில் எங்களுக்குப் பேனா இருந்தது. கேட்டுக்கொண்டே நான் தாளில் மீன் செதில் போடுவேன். வளைவுக்குக் கீழே வளைவு, அதற்குக் கீழே இன்னொரு வளைவு. அர்த்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் கை அங்கே ஓடிக்கொண்டிருந்தால், மனசு அக்கா கல்யாணத்துக்கும் அம்மாவின் முட்டிவலிக்கும் ஓடாமல் காதோடு உட்கார்ந்திருக்கும். போன் பண்ணியவரின் தெருப் பெயர்கூட நினைவில் நிற்கும். செதிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் கொட்டாவியின் முகத்தை வரைய ஆசைப்பட்டேன். மூக்கைச் சரியாகக் கொண்டுவருவதற்குள் ஒரு அழைப்பு முழுக்கக் காற்றில் போய்விட்டது.

பிறகு எவனோ ஒருத்தன் அழைப்பில் கேட்ட ஒரு பெண்ணின் போன் நம்பரைத் தாளில் எழுதிக்கொண்டு போய் அவளுக்கு மெசேஜ் அனுப்பினான். அவனை வெளியே அனுப்பினார்கள். கூடவே எல்லாருடைய பேனாவையும்.

அதற்கப்புறம் கை மடியில், கண் சுவரில். சாம்பல் நிறச் சுவர். காதில் ஆள் பேசிக்கொண்டிருப்பார், நான் எங்கேயோ இருப்பேன். திரும்பி வரும்போது ‘நன்றி, வணக்கம்’ என்று முடிந்திருக்கும். தொடையைக் கிள்ளிப் பார்த்தேன். நகத்தால் மேசையில் கீறினேன். மேசையைக் கெடுக்கிறேன் என்று மெமோ வந்தது. மடியில் விரலால் செதில் போட்டேன். கோடு விழவில்லை என்றால் விரலும் அலுத்துப்போகிறது. அப்படி ஒரு பிற்பகலில்தான் ஒரு பெண்ணின் குரல் என்னைத் தாண்டிப் போனது. குமிழின் நிறத்தைப் பற்றி நீட்டி முழக்கியவள், நடுவில், குமிழை மூடினாலும் கேஸ் வாடை வருது என்றாளாம். நான் ‘ஆபத்து இல்லை’ என்று குறித்திருக்கிறேன். மறுநாள் அவளே மறுபடி கூப்பிட்டுக் கத்தியதால் ஆள் போய்க் குழாயை மாற்றினான். அதற்குள் அவள் தீக்குச்சி கிழிக்காமல் இருந்தது என் புண்ணியத்தால் அல்ல.

இத்தனையும் மேனேஜரிடம் சொன்னேன்.

“தாளை வெளிய கொண்டு போகல சார். சாயங்காலம் உங்க கண்ணு முன்னாடியே கிழிச்சுப் போட்டுட்டுப் போறேன். எங்க மாமாதானே வாசல்ல நிக்கிறாரு? செருப்பைக்கூடக் கழட்டிப் பாக்கட்டும்.”

“உனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்களே.”

“கேக்கட்டும். எல்லாருக்கும் குடுங்க. கொட்டாவிக்கு ரெண்டாக் குடுங்க.”

சிரித்தார். “படம் போடறதுக்கு எல்.கே.ஜி. இருக்கும்மா. கவனம்னா என்னன்னு படிச்ச பொண்ணுக்கு நான் சொல்லித் தரணுமா? உங்க வீட்ல நீதான் முதல் டிகிரின்னு மாமா சொன்னாரு. கிடைச்சதைக் கெட்டியாப் பிடிச்சுக்க.”

முதல் டிகிரி. என் வீடே வயிற்றைக் கட்டி வாங்கித் தந்த பட்டம். போகிற இடமெல்லாம் அதையே பூட்டாக்கி என் வாயில் மாட்டுகிறார்கள்.

“நான் சொன்னதைக் கேட்டீங்களா சார்?”

“ஏன் கேக்காம?” அவர் ஒப்பித்தார். மீன் செதில், சாம்பல் சுவர், மெமோ, தெருப் பெயர், கொட்டாவியின் மூக்கு உட்பட. ஒன்றுகூட விடவில்லை. எனக்கே ஆச்சரியம். அப்போதுதான் பேனா பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தேன்.

நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள். பெட்டி மேல் பெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் குறுக்குக் கோடு. மேலிருந்து என் பெயர் வரைக்கும் இறங்கி வந்திருந்தன.

“என்ன சார் அது?”

அவரே இப்போதுதான் பார்த்தார். “இதுவா? சும்மா. கை அது பாட்டுக்குப் போகுது.”

“என் கையும் அப்படித்தான் சார் போச்சு.”

உள்ளங்கையால் ஓரத்தை மூடினார். “அது வேற, இது வேற.”

“என்ன வேற?”

பேனாவைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். “போட்டுட்டு சீட்டுக்குப் போ. நிறைய ரெக்கார்டிங் வந்து கிடக்கு.”

வாங்கினேன். தடை வந்த பிறகு இந்தக் கட்டடத்துக்குள் என் கைக்கு வந்த முதல் பேனா. நான்தான் குற்றவாளி என்று எழுதிக் கொடுப்பதற்கு. போட்டால் அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லி மாய்வாள். மாமா நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். நான் அந்தச் சுவருக்கு முன்னால் போய் உட்காருவேன். எவளோ ஒருத்தி கேஸ் வாடை என்பாள், நான் எங்கேயோ இருப்பேன். அவள் மறுநாள் கூப்பிடுவாள் என்று என்ன நிச்சயம்?

மூடியை மாட்டிப் பேனாவைத் தாளின்மேல் வைத்தேன்.

“இதுல உங்க படம்தான் இருக்கு சார். கையெழுத்தையும் நீங்களே போட்டுக்கங்க.”

வாசலில் மாமா என்னைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்தார். “கேட்டுட்டியா?”

“கேட்டேன்.”

தட்டுக்குள் கைவிட்டு, முனையில் பல் பதிந்த என் பேனாவைத் தேடி எடுத்தேன்.

“சாயங்காலம்தான் எடுக்கணும்” என்றார் மாமா, பழக்க தோஷத்தில். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. முகம் சுருங்கியது. “உங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“நான் சொல்லிக்கிறேன் மாமா. நீங்க கதவைத் திறங்க.”

அவர் தாழைப் பார்த்தார், மேனேஜர் இருந்த மாடியைப் பார்த்தார். அவர் முடிவு செய்வதற்குள் நானே தாழை இழுத்துத் தெருவில் இறங்கினேன்.